"உனக்கு உரிமை இருக்கு" என்றேன், "என்னைய அனுப்பிருவீங்களா அத்தை?" என்கிறான்

பருத்திக்காடு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். (ஊர்ப் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் முதலில் போட்டிருந்தேன், கீழே ஒருவர் சொன்னபிறகு எடுத்துவிட்டேன்.) எங்கள் வீட்டில் ஒன்பது மாதமாக ஒரு பையன் வளர்கிறான். 15 வயது, பத்தாவது படிக்கிறான். தத்து இல்லை. ஊரில் பாதிப் பேர் தத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நாங்களும் விளக்கி விளக்கி ஓய்ந்துபோனோம். வளர்ப்புப் பராமரிப்பு (பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை வேறொரு குடும்பத்தில் விட்டு வளர்ப்பது) என்று குழந்தைகள் நலக் குழுவில் உத்தரவு போட்டு ஒப்படைத்தார்கள். அதற்குமுன் நாலு வருடம் ஹோமில் இருந்தான்.

பையன் தங்கம். அதுதான் எனக்குக் கவலையே. இன்னொரு தோசை போடவா என்றால் "போதும் அத்தை" என்பான், கேட்காமல் தட்டில் போட்டால் சாப்பிடுவான். பீரோவில் ஒரு தட்டை அவனுக்கென்று காலிசெய்து கொடுத்தோம், துணியெல்லாம் இன்னும் மஞ்சப்பையிலேயே இருக்கிறது. ராத்திரி அந்தப் பையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறான். மாதாமாதம் பார்க்க வருகிற சார் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, கையைக் கட்டிக்கொண்டு "எல்லாம் நல்லாருக்கு சார்" என்று ஒப்பித்துவிடுகிறான்.

போன மாதம் சார் போனபிறகு, "உனக்கு ஏதாச்சும் வேணும்னா அவர்ட்ட கேளுடா, கேக்க உனக்கு உரிமை இருக்கு" என்றேன். முகமே மாறிவிட்டது. "என்னைய அனுப்பிருவீங்களா அத்தை?" அவ்வளவுதான், அன்றைக்கு முழுக்க மாட்டுக்கொட்டத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தான்.

என் மாமியார் வேறு, "உரிமை கிரிமைன்னு நீயா எதையாச்சும் கெளப்பிவிடாத, நாளைக்கு நம்மளையே எதுத்து நிப்பான்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, அவனுக்கு ஒளித்துவைத்து முறுக்கு கொடுப்பவரே அவர்தான்.

அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், 11 வயது, டவுனில் ஒரு பெண்பிள்ளைகள் ஹோமில். நாங்கள் விண்ணப்பம் போட்டபோது எங்களுக்குத் தெரியாது. இந்த ஒன்பது மாதத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறான். அவளைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாள் பெரியார் நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில், அந்த ஏரியா வந்ததும் சீட்டை விட்டு எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான், அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் கேள்வி இதுதான். இவனுக்கு உண்மையில் என்னென்ன உரிமை இருக்கிறது, அதை இவன் பயப்படாத மாதிரி எப்படிச் சொல்வது? இவன் அம்மாவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும் போதும்.

---

கறுப்புக்கோட்டு:

அம்மா, பதில் அப்புறம். முதலில் ஊர்ப் பெயரையும் பள்ளிக்கூடப் பெயரையும் பதிவிலிருந்து எடுங்கள். பராமரிப்பில் இருக்கிற பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது, இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவு, ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நீங்கள் நல்லதுக்குத்தான் எழுதினீர்கள், தெரிகிறது. ஆனால் அவன் வகுப்புப் பையன் ஒருவன் இதைப் படித்தால் போதும், நாளைக்கே "ஹோம் பையன்" என்று கூப்பிடுவார்கள். சாயங்காலம் கோர்ட் முடிந்து வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

---

வடக்குமாசி:

நானும் உங்கள் மாமியார் கட்சிதான். சோறு, துணி, படிப்பு எல்லாம் கொடுக்கிறீர்கள், இதற்குமேல் என்ன உரிமை? சொந்தப் பிள்ளைக்கு யாராவது உட்கார்ந்து உரிமைப் பாடம் நடத்துகிறோமா?

---

லேத்துக்கடை:

வடக்குமாசி அண்ணே, சொந்தப் பிள்ளை சோறு சரியில்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டுப் போவான், ராத்திரி பசித்தால் அடுப்படியில் போய் உருட்டுவான். எங்கே இருந்தாலும் அவன் வீடு அது. எங்களுக்கு அது கிடையாது, அதனால்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

நான் ஹோமில் வளர்ந்தவன். ஆறு வயதில் உள்ளே போனேன், 2017-ல் 18 முடிந்து வெளியே வந்தேன். இப்போது புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத்தில் நிற்கிறேன். எந்த ஹோம் என்று கேட்காதீர்கள். எங்கள் சாப்பாட்டு ஹாலில் நீல பெயின்டில் "குழந்தைகளின் உரிமைகள்" என்று தலைப்பு போட்டு பத்துப் பதினைந்து வரி எழுதியிருக்கும், கீழே 1098, பிள்ளைகள் உதவிக்குக் கூப்பிடுகிற நம்பர். அதற்குப் பக்கத்தில் ஒரு புகார்ப் பெட்டி. ஒருமுறை எவனோ "சாம்பாரில் வண்டு கிடந்தது" என்று ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிட்டான். அன்று ராத்திரி படிப்பு நேரத்தில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே வாக்கியத்தை எழுதச் சொன்னார்கள். கையெழுத்துப் பார்க்க. கண்டுபிடித்தும் விட்டார்கள். அதற்குப் பிறகு நான் இருந்த வரைக்கும் அந்தப் பெட்டியில் பல்லிதான் குடியிருந்தது.

உங்கள் பையனுடைய ஹோம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் "எல்லாம் நல்லாருக்கு சார்" என்பதை நானும் பன்னிரண்டு வருடம் சொன்னேன். கலெக்டர் வந்தாலும் அதுதான், பிறந்தநாளுக்குப் பிரியாணி கொண்டுவருகிறவர்கள் கேட்டாலும் அதுதான். அதைச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும், அவ்வளவே அதற்கு அர்த்தம்.

தெரியாததால் போனது ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டாவது முடித்து விண்ணப்பம் நிரப்பும்போது என்னிடம் சாதிச் சான்றிதழ் இல்லை. எனக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் சின்னதிலேயே தவறிவிட்டார்கள். ஹோமில் பொதுப்பிரிவில் போடு என்றார்கள், போட்டேன், பாலிடெக்னிக் கிடைக்கவில்லை. ரொம்ப வருடம் கழித்து வேறு வேலையாகத் தாலுகா ஆபீஸில் நிற்கும்போதுதான் தெரிந்தது, தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே எங்களுக்கென்று ஒரு வரி இருக்கிறது: பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல், அரசின் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்த பிள்ளைகள். என்னைப் பற்றிய வரி அது, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும் போல. (உங்கள் பையனுக்கு அம்மா இருப்பதால் இது பொருந்தாது. படிக்கிற வேறு யாருக்காவது ஆகும்.)

அதனால் அக்கா, உரிமை என்கிற வார்த்தையையே கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். எங்களுக்கு அது சுவரில் பார்த்த வார்த்தை. அவனைப் பற்றிய காகிதம் எதுவெல்லாம் உங்களிடம் இருக்கிறதோ, அந்தக் குழு உத்தரவு, ஆதார், மாற்றுச் சான்றிதழ், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அவன் கையில் கொடுங்கள். "இது உன்னோடது, படிச்சுப் பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். என் ஃபைலை நான் முதல்முறை பார்த்தது ஹோமைவிட்டுக் கிளம்பிய அன்றுதான், ஒரு தகரப்பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

---

கண்மாய்க்கரை:

இந்தத் துறையில் எட்டு வருடம் களப்பணியில் இருந்தேன், இப்போது இல்லை, அதனால் தைரியமாக எழுதலாம்.

லேத்துக்கடை தம்பி சொன்ன ஃபைல் யோசனையை அப்படியே செய்யுங்கள். அந்த உத்தரவில் எத்தனை காலத்துக்கு, யாரிடம், என்ன காரணத்துக்காக ஒப்படைத்தார்கள் என்று இருக்கும். பையனுடைய பயமே "எத்தனை நாளைக்கு" என்பதுதானே, அது அச்சடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்தாலே பாதி இறங்கும்.

ஆனால் ஒன்று. "உன்னை யாரும் அனுப்பவே மாட்டாங்க" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாசத்தில் நாக்கு நுனிவரைக்கும் வரும். அது உங்கள் கையில் இல்லை. உத்தரவை மாற்றுவது குழு. அம்மாவின் நிலைமை தேறினால் பிள்ளை அவரிடம் திரும்புவதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கமே. நீங்கள் உண்மையாகச் சொல்லக்கூடியது, "நானா உன்னை அனுப்ப முடியாது, அந்த சாராலயும் தனியா முடியாது, கமிட்டியில உன்னையக் கேக்கணும், நீ சொல்றதை எழுதிக்கணும்." பிள்ளையின் கருத்தைக் கேட்டு, அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் 3-வது பிரிவிலேயே கொள்கையாக இருக்கிறது. 15 வயதுப் பையன் சொல்வதை அவ்வளவு லேசில் ஒதுக்க முடியாது.

பணத்தையும் சொல்லிவிடுங்கள். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வருமே. இந்தப் பிள்ளைகள் எப்படியும் வெளியே கேள்விப்படுவார்கள், யாராவது டீக்கடையில் "காசுக்குத்தான் வச்சிருக்காக" என்று காதில் போடுவான். அதற்குமுன் நீங்களே உட்காரவைத்து, இவ்வளவு வருகிறது, இன்னின்னதுக்கு ஆகிறது என்று காட்டினால் முடிந்தது.

மாதம் ஒருமுறை பார்வையிடுவது அந்த சார் உங்களுக்குச் செய்கிற சலுகை இல்லை, 44-வது பிரிவில் உள்ளது. அடுத்தமுறை வரும்போது நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள். இன்னும் நல்லது, அவரையும் பையனையும் வெளியே நடக்கவிடுங்கள். நான் கண்மாய்க்கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போவேன். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் வராத பேச்சு பக்கத்தில் நடந்தால் வரும், அதுவும் பாதி வழிக்கு மேலேதான் வரும்.

தங்கச்சி விஷயம்தான் இதில் பெரியது. உடன்பிறந்தவர்களை ஒரே குடும்பத்தில் சேர்த்துவைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும், பிரித்துவைப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்றால் மட்டும் விதிவிலக்கு, அதே 44-ல் இருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டாவது பிள்ளைக்கு இடமும் மனமும் இருக்கிறதா என்பது உங்கள் முடிவு, அதை வைத்து நான் உங்களை எடைபோட மாட்டேன். ஆனால் அவளைச் சேர்க்க முடியாவிட்டாலும் பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை. மாதத்தில் இன்ன கிழமை என்று குழுவிடம் முறையாகக் கேட்டு வாங்கலாம். அம்மாவைப் பார்ப்பதும் அப்படியே. வேண்டாம் என்று குழு நினைத்தால் அதற்குக் காரணத்தை எழுத வேண்டும்.

இன்னொன்று, அவனுக்கென்று ஒரு தனிநபர் பராமரிப்புத் திட்டம் போட்டிருக்க வேண்டும். அவனையும் கேட்டுத்தான் அதை எழுத வேண்டும். அவன் அதைப் பார்த்திருக்கிறானா? நான் பார்த்த ஃபைல்களில் பாதியில் "ஆர்வம்: விளையாட்டு" என்று ஒரே வரி, எல்லாப் பிள்ளைக்கும். இவனுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

---

அம்மாச்சிவீடு:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் என் அக்கா மகளை வளர்க்கிறேன், அக்கா இறந்து மூன்று வருடம், அவள் அப்பா எங்கே என்றே தெரியாது. எனக்கும் இந்த உத்தரவெல்லாம் வேண்டுமா?

---

கண்மாய்க்கரை:

சொந்தக்காரர் வளர்த்தால் வழி வேறு. நிதி ஆதரவுத் திட்டம் என்று கேளுங்கள், அதுவும் மாதம் 4,000 தான். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டுப் போங்கள். போகும்போது அக்காவின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பள்ளிச் சான்று, இரண்டுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வெயிலில் இரண்டு நடை.

---

வடக்குமாசி:

சரி, நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்குச் சட்டம் சொல்லிக் கொடுங்கள். நாளைக்குத் தப்பு செய்து, வளர்க்கிறவர்கள் ஒரு அடி வைத்தால் 1098-க்கு போன் போடுவான், அப்போது தெரியும்.

---

கறுப்புக்கோட்டு:

அடித்தால் போடட்டும் என்றுதானே அந்த நம்பரே இருக்கிறது. பொறுப்பில் இருக்கிறவர் பிள்ளையை அடித்துத் துன்புறுத்தினால் 75-வது பிரிவு, மூன்று வருடம் வரை. அந்த நம்பர் அவனுக்கு மனப்பாடமாக இருப்பதில் இந்த அம்மாவுக்கு என்ன நஷ்டம்? பிள்ளைக்கு எதுவும் தெரியக்கூடாது என்று நினைத்த இடங்களில் என்ன நடக்கும் என்பதை நம் ஊரே பார்த்தது. 2021-ல் இங்கே ஒரு இல்லத்தில், கொரோனாவில் இறந்ததாகப் போலிக் காகிதம் தயாரித்துவிட்டுக் குழந்தையை விற்ற வழக்கு ஞாபகம் இருக்கும்.

இனி பருத்திக்காடு அம்மாவுக்கு. வாயால் கேட்பதெல்லாம் காற்றோடு போகும். பையன் எதைக் கேட்டாலும் வெள்ளைத்தாளில், அவன் கையெழுத்தில், தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். மனு நடை வேண்டாம், "மேன்மை தங்கிய" எல்லாம் வேண்டாம், "என் தங்கச்சியை மாதம் இரண்டு முறை பார்க்க ஆசைப்படுகிறேன்" போதும். இரண்டு நகல். ஒன்றைக் குழுவில் கொடுத்து இன்னொன்றில் முத்திரை வாங்குங்கள். குழு நடந்துகொள்ளும் விதத்தில் குறை இருந்தால் கலெக்டரிடம் சொல்லலாம், குறைகேட்கும் அதிகாரி அவர்தான், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றாலும் சரி. வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய உத்தரவே சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதுவும் கலெக்டரிடம்தான். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம், பிள்ளைகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100-ல் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

இவன் விஷயத்தில் எனக்கு ஒரு கவலை 18 வயதுக்கு அப்புறம். பிற்காப்பு உதவி (18 முடிந்த பிள்ளை சொந்தக்காலில் நிற்கக் கொடுக்கும் பண உதவி) 21 வரை உண்டு, தேவையென்றால் 23 வரைக்கும் நீட்டுகிறார்கள். ஆனால் 46-வது பிரிவின் வாசகம் "இல்லத்தை விட்டு வெளியேறும்" பிள்ளை என்று இருக்கிறது. உங்கள் பையன் நாலு வருடம் இல்லத்தில் இருந்தவன், ஆனால் 18 ஆகும்போது உங்கள் வீட்டில் இருப்பான். இந்த இடுக்கில் யாராவது ஒரு கிளார்க் விரலை வைத்து "உனக்கு வராது தம்பி" என்றால் அலைச்சல்தான். அதனால் 17 நடக்கும்போதே குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி அந்த ஃபைலில் போட்டுவிடுங்கள்.

தத்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது உங்கள் காதில் போடுவார்கள். 2024-ல் வந்த வழிகாட்டுதலில், வளர்க்கும் குடும்பம் இரண்டு வருடம் கழித்துத் தத்துக்குக் கேட்கலாம் என்று குறைத்திருக்கிறார்கள், முன்பு ஐந்து. ஆனால் பிள்ளை சட்டப்படி தத்துக்கு உரியவன் என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அம்மா இருக்கும்போது அது தானாக நடக்காது, இவன் வயதில் இவன் சம்மதமும் வேண்டும். இவன் உங்களை "அத்தை" என்று கூப்பிடுவதை மாற்றச் சொல்லாதீர்கள்.

---

பருத்திக்காடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், கடலை எடுப்பு நடந்ததால் உட்கார நேரமில்லை.

ஃபைல் போட்டுக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் படித்தான், விரலை வரிமேல் வைத்து நகர்த்தி நகர்த்தி. நான் அம்மாவைப் பற்றியோ தங்கச்சியைப் பற்றியோதான் கேட்பான் என்று மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன். நிமிர்ந்து, "அத்தை, இதுல என் இனிஷியல் தப்பா இருக்கு" என்றான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும். உத்தரவில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. நாலு வருடமாக ஹோமிலும் அந்தத் தப்பு எழுத்தில்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், இவனும் உள்ளேன் ஐயா சொல்லியிருக்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்றதற்கு, "யார்ட்ட சொல்றதுன்னு தெரியல".

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார்தான் ஆச்சரியம். "பேரு தப்பா இருந்தா விடவே கூடாதுடா. எனக்கு ரேசன் கார்டுல தப்பாப் போட்டு ஏழு வருசம் அலைஞ்சேன். எழுது, இப்பவே எழுது" என்று அவரே நோட்டில் தாளைக் கிழித்துக் கொடுத்தார். உரிமை வேண்டாம் என்றவர்! பத்தாவது பரீட்சைக்குப் பெயர்ப்பட்டியல் போகிறதாம், அதற்குள் பள்ளிக்கூடத்திலும் திருத்த வேண்டும் என்று வாத்தியார் சொன்னார், அதற்கும் ஒரு கடிதம் எழுதினான்.

அந்தக் கடிதம் முடிந்தபிறகு இன்னொரு தாள் கேட்டான். அதை என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சார் வந்தபோது இரண்டு பேரும் கிணத்துமேட்டுப் பக்கம் நடந்துவிட்டு வந்தார்கள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை தங்கச்சியைப் பார்க்கக் கேட்டிருக்கிறான், சார் குழுவில் வைக்கிறேன் என்றிருக்கிறார். தங்கச்சியையும் இங்கேயே கொண்டுவர முடியுமா என்று நாங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை. வீட்டுக்காரர் மேலே ஒரு ரூம் எடுக்கலாமா என்று கொத்தனாரிடம் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார், அதைத்தான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

மஞ்சப்பை அதே இடத்தில்தான் இருக்கிறது. கேட்பீர்கள் என்று தெரியும்.

---

லேத்துக்கடை:

பை இருந்துவிட்டுப் போகட்டும் அக்கா. நான் வாடகைக்கு ரூம் எடுத்து நாலு வருடம் அந்தத் தகரப்பெட்டியில்தான் சட்டை வைத்திருந்தேன். இனிஷியலை விடாதீர்கள், மார்க் ஷீட்டில் ஏறிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அலைய வேண்டும்.

---

கறுப்புக்கோட்டு:

நல்ல ஆரம்பம். தங்கச்சியைப் பார்க்கக் கேட்ட அந்தக் கடிதத்துக்கு நகல் எடுத்து முத்திரை வாங்கினீர்களா?

---

பருத்திக்காடு:

ஐயோ, இல்லையே. சார் கையில் அப்படியே கொடுத்துவிட்டான். நாளைக்கு லோனுக்காக டவுனுக்குப் போகிறேன், அவனையும் கூட்டிக்கொண்டு போய் இன்னொன்று எழுதவைத்து முத்திரை வாங்கிவிடுகிறேன்.